செம்புளித் தோல்

ஏழாங்குறிச்சியில் ஒரு வீட்டுக்கு விதைப்புப் பத்திரிகை வந்தால் யாரும் முதலில் தேதியைப் பார்ப்பதில்லை. பந்தி எத்தனை மணிக்கு என்றுதான் பார்ப்பார்கள். பூமியில் பிள்ளைகளுக்குக் காது குத்துவதைப் போல இங்கே ரத்தம் விதைக்கிறார்கள். ஏழு வயதான பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, எலுமிச்சம்பழம் அளவுள்ள பை ஒன்றைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, கை நரம்பில் ஊசியைச் செருகுவார்கள். பிள்ளை அலறும். மாமன் போட்ட சங்கிலி மெலிசாக இருக்கிறதே என்று அத்தைகள் ஒருவர் காதை ஒருவர் கடிப்பார்கள். அரை மணி நேரத்தில் பை காலியாகிவிடும், கூட்டம் பந்திக்குப் போய்விடும். அதன் பிறகு ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பத்திரிகையும் பந்தியும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இதையே போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுவது வழக்கம்.

காரணம் எளிது. ஏழாங்குறிச்சி, செவ்வாய்க் கோளின் தரைக்கு அடியில் குடைந்த ஊர். பூமிக்கு இருப்பதுபோலக் கனமான காற்றுப் போர்வை செவ்வாய்க்குக் கிடையாது. எவ்வளவுதான் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டாலும் வானத்துக் கதிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எலும்புக்குள் நுழைந்து மஜ்ஜையை அரித்துவிடும். மஜ்ஜையில்தான் ரத்தத்தின் வேர்ச்செல்கள் இருக்கின்றன. சிவப்பணு, வெள்ளையணு எல்லாம் அவற்றிலிருந்து பிறப்பவை. வேர் தேய்ந்தால் ரத்தம் ஏது? ஆகவே குழந்தை பிறந்தவுடனே அதன் வேர்ச்செல்லில் ஒரு சிட்டிகை எடுத்துப் பனியறையில் வைத்துவிடுவார்கள். வேண்டும்போது அதைத் தொட்டியில் பெருக்கி, அவரவர் உடம்பில் விதைப்பார்கள்.

பெருக்குவதில்தான் சிக்கல். வேர்ச்செல் ஓர் அவசரக்குடுக்கை. உடம்பை விட்டு வெளியே எடுத்தால் வேராக இருக்கப் பொறுமை இருக்காது. சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ முற்றி, சில நாளில் செத்துப்போகும். அதை அடக்கிவைக்க ஒரு பொருள் செம்புளிப் பழத்தின் தோலில் அகப்பட்டது. அந்தச் சாறு ஒரு சொட்டு விழுந்தால் போதும். செல் வேறு எதுவாகவும் ஆகாமல், தன்னைப் போலவே இன்னொன்றை ஈன்றுகொண்டே இருக்கும். அந்தச் சாற்றுக்குத் தேக்கி என்று பெயர் வைத்தார்கள். ஏழாங்குறிச்சியின் தோட்டக் குகைகளில் செம்புளி மரம்தான் அதிகம். பழத்தின் சதை சமையலுக்கு. தோலை ஒவ்வொரு வீட்டாரும் வாசலில் இருக்கும் நீலக் கூடையில் போட்டுவிட வேண்டும். காலையில் வண்டி வந்து குருதிப் பண்ணைக்கு அள்ளிக்கொண்டு போகும். நாக்கைப் பிடித்து இழுக்கும் அந்தத் துவர்ப்புத் தோலை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது? அதைப் பற்றி யாரும் யோசித்ததுகூட இல்லை.

குருதிப் பண்ணையில் பெருக்குப் பிரிவின் தொட்டிக்காரர் ஆவுடையப்பன். இருபத்தாறு வருட வேலை. மாலையில் தொட்டிக்கு ஒரு சொட்டுத் தேக்கி விடுவார். காலையில் வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்று நூறாகியிருக்கும். இத்தனை வருடத்தில் ஊரில் பாதிப் பேருடைய ரத்தம் அவர் கையால் பெருகியதுதான். 'ஆவுடையப்பன் கைராசிக்காரர்' என்று சொல்வார்கள். அவரும் அதை மறுத்தது கிடையாது. தேக்கி என்றால் சேர்த்துவைப்பது, பெருக்குவது என்று அவராகவே ஓர் அர்த்தம் வைத்திருந்தார். அவர் கண்ணால் பார்த்தது அதைத்தானே.

பக்கத்து அறை கழுவும் பிரிவு. பெருகிய செல்களை மூன்று நாள் விடாமல் அலசி, தேக்கியின் சுவடே இல்லாமல் செய்து பையில் அடைப்பது அங்கே பிரம்மசக்தியின் வேலை. ஆவுடையப்பனுக்கு அந்த அறையைப் பார்த்தாலே மனம் ஆறாது.

"சத்தையெல்லாம் கழுவிக் கீழ ஊத்துதியே தாயி," என்பார்.

"எனக்குக் கழுவத்தான் சொல்லியிருக்கு அண்ணாச்சி," என்று அவள் சிரிப்பாள்.

எதற்குக் கழுவ வேண்டும் என்று அவரும் கேட்டதில்லை, அவளுக்கும் யாரும் சொன்னதில்லை. கழுவிய தேக்கியைத் திரும்பப் பிடித்து மேலிடத்தில் வேறு எதற்கோ வைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். செயல்முறைத் தாள் என்று ஒன்று இரண்டு அறைக்கும் நடுவில் சுவரில் தொங்கத்தான் செய்தது. அதில் எல்லாம் எழுதியிருந்தது. அவர் அதன் ஆணியில் மேல்சட்டையை மாட்டுவார்.

அவருக்கு ஒரே மகள், செண்பகவல்லி. தாயில்லாப் பிள்ளை. இருபத்துமூன்று வயது. தரைக்கு மேலே போய், ஊருக்கு மின்சாரம் தரும் வெயில்பலகைகளில் படியும் செம்புழுதியைத் துடைத்துப் பழுது பார்க்கிற வேலை. ஒருநாள் அவள் மேலே இருக்கும்போது கதிர்ப்புயல் வருவதாகச் சங்கு ஊதியது. கூட வேலை செய்த பெண் பலகை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டு கிடந்தாள். மற்றவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். செண்பகவல்லி அவள் காலை விடுவித்து, கைத்தாங்கலாகப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். காலை விடுவிக்கவே நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. கால் மாட்டிக் கிடந்தவள் பலகையின் நிழலில் இருந்ததால் தப்பினாள். நிமிர்ந்து நின்று இழுத்தவளுக்கு எலும்புக்குள் மஜ்ஜை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

இது பந்தி போட்டு விதைக்கிற விதைப்பு அல்ல. டாக்டர் ஜரீனா ஒளிக்காமல் சொன்னார்.

"ஐயா, சிவப்பு ரத்தம் நாங்க வெளியிலிருந்து ஏத்திக்கலாம். ஆனா கிருமியோட சண்டை போடுற வெள்ளையணு அவளோட சொந்த மஜ்ஜையில இருந்துதான் வரணும். விதைச்சு இருபத்தோரு நாளைக்குள்ள வந்துட்டா பொழைச்சுக்குவா. அதுவரைக்கும் தூய அறையில வச்சுப் பாத்துக்குறோம்."

"வராமப் போனா?"

டாக்டர் அவர் தோளைத் தொட்டார்.

மகளுடைய வேர்ச்செல்லை ஆவுடையப்பன் வேறு யார் கையிலும் விடவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பெருக்கிக் கொடுத்தார். பிரம்மசக்தி மூன்று நாளும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கழுவிக் கொடுத்தாள். பை தொங்கியது, இறங்கியது. பிறகு எண்ணத் தொடங்கினார்கள். ஐந்தாம் நாள் செண்பகவல்லியின் முடி கொத்தாகக் கையோடு வந்தது. ஏழாம் நாள் வெள்ளையணு பூஜ்யம். ஒன்பதாம் நாளும் பூஜ்யம். 'பதினாலு நாளாவது ஆகும், பதறாதீங்க' என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பெற்றவனுக்கு அது காதில் ஏறுமா?

தொட்டியில் ஒரே இரவில் ஒன்று நூறானதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். அதே செல், அதே பிள்ளை. உடம்புக்குள் போனபின் மட்டும் ஏன் சும்மா கிடக்கிறது? யோசிக்க யோசிக்க அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. கழுவிவிட்டார்கள். பெருக்குகிற சத்தைக் கழுவி எடுத்துவிட்டு, வெறும் செல்லை உள்ளே விட்டால் அது எப்படிப் பெருகும்? சோறு போடாமல் பிள்ளை வளரவில்லையே என்று கவலைப்படுகிற மாதிரி அல்லவா இருக்கிறது!

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்று சொன்னபிறகு கொடுத்தால் அது தப்பு. கேட்காமலே கொடுத்தால் அது அப்பன் பாசம். நம்மில் பலரும் போடுகிற கணக்குத்தான் இது, அவரை மட்டும் சொல்லி என்ன.

பத்தாம் நாள் காலை அவர் வீட்டு நீலக் கூடை காலியாக இருந்தது. தோலையெல்லாம் நசுக்கிப் போட்டு, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்தார். தூக்குப் பாத்திரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். தூய அறை வாசலில் தாதிப்பொறி நின்றது. பூமியில் செய்து அனுப்பிய பழைய பொறி, செந்தமிழில்தான் பேசும்.

"தாங்கள் கொண்டுவந்திருப்பது மருந்தா, உணவா?"

"ரசம்."

"ரசம், உணவு. சேர்மானம் கூறவும்."

"புளி, மிளகு, சீரகம், உப்பு."

பொறியின் அகராதியில் புளி என்றால் பூமியின் புளியம்பழம். ஏழாங்குறிச்சியில் புளியமரமே கிடையாது, இங்கே எல்லோரும் புளி என்பது செம்புளியைத்தான் என்று அந்த அகராதியைத் தொகுத்தவருக்குத் தெரியாது. "தீங்கற்றது" என்று சொல்லி, பாத்திரத்தைக் கிருமிநீக்கும் பெட்டிக்குள் ஒருமுறை விட்டெடுத்து உள்ளே அனுப்பியது. அவரும் முகமூடி மாட்டிக்கொண்டு பின்னால் போனார். பொய் சொல்லவில்லை என்பதில் ஆவுடையப்பனுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

செண்பகவல்லி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"எப்பா, என்னப்பா இது, ஒரே துவர்ப்பா இருக்கு? வாய்க்குள்ள தோலை உரிச்ச மாதிரி இருக்கே."

"உடம்புக்கு நல்லது மக்கா. கண்ணை மூடிட்டுக் குடிச்சுரு."

"மருந்தாப்பா?"

"மருந்தெல்லாம் இல்லட்டி. இயற்கையா மரத்துல காய்க்கது. அது நம்மள என்ன செய்யப் போவுது?"

"பண்ணையில தொட்டிக்கு ஊத்துற கையால எனக்கும் ஊத்துதிய," என்று அவள் சிரித்தாள். வாயெல்லாம் புண். சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் அப்பாவுக்காகச் சிரித்தாள். அப்பாவுக்காகவே முழுவதையும் குடித்தாள்.

பதினான்காம் நாள் வெள்ளையணு இரண்டு தெரிந்தது என்றார்கள்; மறுநாள் அதுவும் இல்லை. பதினேழாம் நாள் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஜரீனா அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு அவரிடம் வந்தார்.

"எனக்கே புரியல ஐயா. உள்ள வேர்ச்செல் இருக்கு. எவ்வளவு இருக்கணுமோ அதைவிட நூறு மடங்கு இருக்கு. ஆனா ஒண்ணுகூட முத்தி ரத்தமாக மாட்டேங்குது. பிள்ளைங்க பெத்துக்கிட்டே இருக்கு, எதுவும் பெரிசாகல. வீட்டுலேருந்து வேற ஏதாச்சும் மருந்து கொடுத்தீங்களா?"

"மருந்து எதுவும் கொடுக்கல டாக்டரம்மா," என்றார் ஆவுடையப்பன். நெஞ்சில் கைவைத்துத்தான் சொன்னார். டாக்டர் சொன்னதில் மற்றதெல்லாம் அவர் காதுக்குள் நுழையவே இல்லை. நூறு மடங்கு என்பது மட்டும் நுழைந்தது. அன்றைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. அடுத்த நாளிலிருந்து ரசம் மூன்று வேளையானது. தன் வீட்டுத் தோல் போதாமல், பக்கத்துக் குடைவுத் தெருக்களின் கூடைகளிலும் கைவைத்தார்.

இருபத்திரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. சாதாரணமாக நம் தோலில் சும்மா குடியிருக்கிற கிருமிதான். தடுக்க ஆளில்லாத வீட்டில் அது ராஜாங்கம் நடத்தியது. கடைசி இரண்டு நாள் செண்பகவல்லிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒருமுறை கண் திறந்து, "எப்பா, அந்த ரசம் வேண்டாம்பா, தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது," என்றாள். "ஒரே ஒரு மடக்கு மக்கா," என்று கெஞ்சி, கரண்டியால் ஊற்றினார். இருபத்தைந்தாம் நாள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் போய் ஆஸ்பத்திரி அமைதியான பிறகு, காலை பத்து மணிக்கு அவள் மூச்சு நின்றது. அவர் அழக்கூட இல்லை. மகளின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எடுக்க வந்தவர்கள் அவர் கையைப் பிடித்து விலக்க வேண்டியதாயிற்று.

விசாரணை நடந்தது. ஏழாங்குறிச்சியில் விதைத்த ரத்தம் முளைக்காமல் போனது அதுதான் முதல் தடவை. மஜ்ஜையைச் சோதித்தபோது தேக்கி அப்பிக்கிடந்தது தெரிந்தது. தேக்கி எப்படி உடம்புக்குள் வரும்? கழுவியதில் குறை. பிரம்மசக்தியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். குழாயடியில் பெண்கள் அவளுக்கு இடம் விட்டு விலகி நின்றார்கள்.

செண்பகவல்லி இறந்த பன்னிரண்டாம் நாள் அவள் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள்.

"மூணு நாளும் கண்ணு மூடாமக் கழுவினேன் அண்ணாச்சி. ஒம்பது தடவை அலசணும்னு இருக்கு, நம்ம பிள்ளைன்னு நான் பதினெட்டுத் தடவை அலசினேன். நீங்களாவது நம்புங்க."

"அழாத தாயி. தேக்கி கொஞ்சம் உள்ள போனாத்தான் என்ன? அது நல்லதுதானே செய்யும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் தெரியாதா? எனக்கே விசாரணையில டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். தேக்கி கூட இருக்கிற வரைக்கும் அந்தச் செல்லு ரத்தமாகாதாம் அண்ணாச்சி. ஆக விடாமப் பிடிச்சு வச்சுக்கிடுமாம். தொட்டியில அது வேணும். உடம்புக்குள்ள போனா அதுதான் எமன். அதுக்குத்தான் என்னைக் கழுவச் சொல்லியிருக்காங்க."

ஆவுடையப்பன் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அதில் கடைசியாக ரசம் காய்ச்சிய பாத்திரம் கழுவாமல் கிடந்தது. விதைத்ததில் குறையில்லை, கழுவியதில் குறையில்லை, மகளின் உடம்பிலும் குறையில்லை. ஒவ்வொரு நாளும் அவள் ரத்தம் ஊறக் காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேளையும் அவர்தான் கரண்டியால் ஊற்றி அதை நிறுத்தினார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அந்தக் குடைவு முழுவதும் கேட்கிற மாதிரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே வந்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஆவுடையப்பன் எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. பிரம்மசக்தி மேல தப்பில்ல. எம் மவளுக்குப் புளித்தோல் ரசம் வச்சுக் குடுத்தது நான். பதினஞ்சு நாளு குடுத்தேன். உள்ள வேர்ச்செல்லு நூறு மடங்கு பெருகியிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க, நான் சந்தோஷப்பட்டேன். ஆனா ஒண்ணுகூட ரத்தமாகல. ஆக விடாம நான்தான் தடுத்தேன். எம் பிள்ளையை நானே கொன்னுட்டேன். என்னை மாதிரி யாரும் செஞ்சிராதீய. அதைச் சொல்லத்தான் நிக்கேன்."

கூட்டத்தில் அழாதவர் இல்லை. பெண்கள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டார்கள். ஆண்கள் வந்து அவர் கையைப் பிடித்தார்கள். 'இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும்' என்றார்கள். பிரம்மசக்தியை அந்த வாரமே வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். தாதிப்பொறியின் அகராதியில் செம்புளி, செம்புளித் தோல் என்று இரண்டு சொற்களைச் சேர்த்து, இரண்டாவதற்கு நேரே 'அபாயம்' என்று எழுதினார்கள். இந்த ஒரு சாவு பத்துச் சாவையாவது தடுத்தது என்று ஆவுடையப்பன் மனதைத் தேற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

முதல் வாரம் பண்ணைக்கு வந்த தோல் வண்டியில் பாதிதான் நிரம்பியிருந்தது. இரண்டாம் வாரம் கால்வாசி. காய்ப்புக் குறைந்துவிட்டதோ என்று தோட்டத்தில் கேட்டார்கள். போன வருடத்தைவிட அதிகம் என்றார்கள். மூன்றாம் வாரம் வண்டி காலியாக வந்தது. தேக்கி இல்லாமல் நான்கு தொட்டிகளில் செல்கள் முற்றிச் செத்துப்போயின. பத்து நாளில் விதைப்புக்குத் தேதி குறித்திருந்த நான்கு பேருடையவை அவை.

அன்று மாலை ஆவுடையப்பன் மூன்றாம் குடைவு வழியாக வீட்டுக்கு நடந்து வந்தார். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலிருந்தும் ஒரு வாசனை வந்தது. துவர்ப்பான வாசனை. அவருக்கு அது நன்றாகத் தெரிந்த வாசனை. தாதிப்பொறியை இப்போது ஆஸ்பத்திரி வாசலுக்கே மாற்றியிருந்தார்கள். அதன் முன்னால் சிலர் தூக்குப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். 'சேர்மானம் கூறவும்' என்ற தாதிப்பொறியிடம், "சிவப்புத் தண்ணி" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அகராதியில் அப்படி ஒரு சொல் இல்லாததால், தண்ணீர் என்று குறித்துக்கொண்டு பொறி பாத்திரத்தை உள்ளே அனுப்பியது.

அவர் வீட்டு வாசலில் எதிர்வீட்டு உலகம்மாள் காத்திருந்தாள். அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, கோவப்படாதீய. எம் மவளுக்கு வெள்ளிக்கிழமை விதைப்பு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்னம்மா?"

"அந்தத் தோல் ரசத்துல நூறு மடங்கு பெருகிச்சுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்கன்னு நீங்க அன்னைக்குச் சொன்னீயள்லா..."

"எம் மவ செத்துப்போனா உலகம்மா!" என்று கத்தினார். "அதையும் நான்தானே சொன்னேன்?"

"ஐயோ, அது தெரியாமலா இருக்கு? அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் அழுதேனே," என்றாள் உலகம்மாள். அவள் கண்ணில் இப்போதும் நிஜமாகவே நீர் நின்றது. "பாவம், பெத்த பாசத்துல அளவு தெரியாம அள்ளிக் குடுத்துட்டிய. அதான் கேக்கேன். ஒரு வேளைக்கு எத்தனை தோல் போட்டிய? எம் பிள்ளை சின்னவதானே, அதுல பாதி போட்டாப் போதும்லா?"